சாயும் பக்கமே திருப்பு

சைக்கிள் ஓட்டுவதற்கு வேண்டியது ‘பேலன்ஸ்’ என்று எல்லோரும் சொல்வார்கள். உடம்பை ஆடாமல் நேராக வைத்திருப்பதுதான் அது என்றும் நினைப்பார்கள். உண்மையில் ஓடும் சைக்கிள் ஓயாமல் இப்படியும் அப்படியும் சாய்ந்துகொண்டே இருக்கிறது. சாயும் பக்கமே ஹேண்டில்பாரைத் திருப்பினால் சக்கரங்கள் உடம்பின் எடைக்குக் கீழே வந்துவிடும். உள்காதின் அரைவட்டக் குழாய்கள், கண், சீட்டிலும் கையிலும் உறைக்கும் அழுத்தம் எல்லாம் சேர்ந்து அந்தச் சாய்வை மூளைக்குச் சொல்கின்றன. ஆகவே சாய்வை எத்தனை சீக்கிரம் உணர்கிறோம், எத்தனை சிறிதாகத் திருத்துகிறோம் என்பதில்தான் திறமை இருக்கிறது; கால்வலு வேகத்துக்கும் மேட்டுக்கும்தான். குரங்குப் பெடல் போடும் பிள்ளையின் உடம்பு ஒரு பக்கம் தொங்க, சைக்கிள் மறுபக்கம் சாய்ந்தபடியே ஓடவில்லையா?

ஆளில்லாமல் தள்ளிவிட்ட சைக்கிளும் கொஞ்ச தூரம் விழாமல் போகிறதே, பிறகு ஓட்டுபவருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். சுழலும் சக்கரம் பம்பரம்போல நிமிர்த்திப் பிடிக்கிறது என்பது பழைய விளக்கம். 1970-ல் பிரிட்டனைச் சேர்ந்த டேவிட் ஜோன்ஸ், எதிர்த்திசையில் சுழலும் இன்னொரு சக்கரத்தைப் பொருத்தி அந்த விளைவை ஒழித்துப் பார்த்தார். அப்போதும் அதை ஓட்ட முடிந்தது. 2011-ல் டெல்ஃப்ட், கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அந்த விளைவு இல்லாமலே தானாக நிமிரும் சின்ன வண்டி ஒன்றைச் செய்தும் காட்டினார்கள். ஆனால் இந்தத் தானியங்கு குணம் ஒரு குறிப்பிட்ட வேக வரம்புக்குள்தான் எடுபடும். வேகம் குறைந்தால் வண்டி கைவிட்டுவிடும், ஆள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். வேகம் இருக்கும்போதும் ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வொன்றில், மெதுவாகப் போகையில் தேர்ந்தவர்களும் மற்றவர்களும் ஏறக்குறைய ஒன்றுபோலவே சமாளித்தார்கள். வேகம் கூடியபோது தேர்ந்தவர்கள் ஹேண்டில்பாரைக் குறைவாகவும் உடம்பின் சாய்வை அதிகமாகவும் பயன்படுத்தினார்கள். கை அடங்கியிருப்பதே கைதேர்ந்தவரின் அடையாளம் என்பேன்.

நன்றாக நடப்பவர்தானே நன்றாக ஓட்டுவார் என்ற வாதமும் தேறாது. நெதர்லாந்தின் நரம்பியல் மருத்துவர் பாஸ்டியான் புளூம் 2010-ல் பதிவு செய்த 58 வயது பார்கின்சன் நோயாளிக்கு நாலு அடி வைப்பதற்குள் கால் உறைந்துவிடும். சைக்கிளில் ஏறினால் தடங்கலின்றி ஓட்டினார். ஒருவரை வைத்து முடிவு கட்டக் கூடாதுதான். எனினும் அதன் பின் நடந்த ஆய்வில், சாதாரணப் பார்கின்சன் உள்ளவர்களில் பெரும்பாலோர் சைக்கிளை விடவில்லை. பக்கவாட்டுச் சமநிலையைச் சீக்கிரமே குலைக்கும், பார்கின்சனைப் போலவே தோன்றும் வேறு நோய்கள் கண்டவர்களில் பலர் விட்டிருந்தார்கள். இரண்டையும் பிரித்தறிய, ‘இப்போதும் சைக்கிள் ஓட்டுகிறீர்களா?’ என்று கேட்டுப் பார்க்கும்படி அந்த ஆய்வை நடத்திய மருத்துவர்கள் யோசனை சொன்னார்கள்.