கத்தியில் குறையில்லை, கோணத்தில்தான்

மட்டக்களப்பு - கல்முனை வீதியில், களுதாவளையில் மீன் வெட்டுபவர் ஒருவர் மழுங்கிய கத்தியைச் சீமெந்துக் கட்டில் உரசிக்கொண்டிருந்ததைக் கண்டேன். நமது இறைச்சிக் கடைகளிலும் இதே கதைதான். இரும்பைக் குறை சொல்லிப் புதுக்கத்தி வாங்குகிறோம், வீண்செலவு.

தீட்டும்போது கை உயர்ந்து தாழ்ந்தால் கூர் உருண்டுவிடும். மெல்லிய கத்திக்குப் பக்கத்துக்கு 15 முதல் 20 பாகை, எலும்பு வெட்டும் கத்திக்கு 25 முதல் 30 பாகை மாறாமல் நிற்க வேண்டும்.

இதற்கென்றே கருவிகள் உண்டு. கவ்வி கத்தியின் முதுகைப் பிடித்துக்கொள்ளும். கல் ஒரு கம்பியில் பொருந்தியிருக்கும். கம்பி நுழையும் துளையே கோணத்தைத் தீர்மானிக்கும். லான்ஸ்கி கருவியில் 17, 20, 25, 30 பாகைத் துளைகள் உள்ளன. நீளக் கத்தியில் கவ்வியிலிருந்து விலக விலகக் கோணம் குறையும் என்பதை விற்பவர் சொல்லமாட்டார். கவ்வியை இடம் மாற்றித் தீட்டுங்கள்.

கருவி வாங்க வசதியில்லையா? கத்தி 4 சென்ரிமீற்றர் அகலமென்றால் முதுகைக் கல்லிலிருந்து 1 சென்ரிமீற்றர் உயர்த்திப் பிடியுங்கள். ஏறக்குறைய 15 பாகை வரும். கூரோரம் மார்க்கர் பேனையால் பூசிவிட்டுத் தீட்டிப் பாருங்கள். முதுகுப் பக்கத்து மை மட்டும் அழிந்தால் இன்னும் உயர்த்த வேண்டும். கூர்முனையில் மட்டும் அழிந்தால் தாழ்த்த வேண்டும். மறுபக்கம் விரலில் பிசிர் தட்டுப்பட்ட பின்னரே கத்தியைத் திருப்புங்கள்.