எக்ஸைப் பற்றிப் பேசவிடுங்கள்

கூட்டல், கழித்தல், பின்னம் வரை தட்டுத் தடுமாறியாவது தேறிவந்த பிள்ளை, இயற்கணிதம் தொடங்கியதும் பின்வாங்குவது எல்லா நாட்டு வகுப்பறைகளிலும் நடக்கிறது. நோட்டு திறந்தே இருக்கும். போர்டில் இருப்பது அப்படியே நோட்டில் ஏறும். கேள்வி கேட்டால் மட்டும் தலை குனியும். ஆசிரியர் அறையில் இதற்குப் பெயர் 'இன்ட்ரஸ்ட் இல்லை'. வீட்டில் இதற்குப் பெயர் சோம்பல். முதல் தீர்ப்பு பாடத்தை விளையாட்டாக்கச் சொல்கிறது, இரண்டாவது டியூஷனில் சேர்க்கச் சொல்கிறது. கடந்த அரை நூற்றாண்டுக் கணிதக் கல்வி ஆய்வுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் இரண்டுமே குறி தவறியவை என்று தோன்றுகிறது. இயற்கணிதத்தை வெறுப்பவர்களில் பலர் அதன் குறிகளைத் தவறாகப் பொருள் கொண்டவர்கள். எங்கே தவறுகிறோம் என்று தெரியாமலே தோற்றுக்கொண்டிருப்பவர்கள். அந்தத் தவறை வெளியே கொண்டுவர வேண்டுமானால் அவர்கள் வாய் திறக்க வேண்டும். மாணவர்கள் தங்களுக்குள்ளும் ஆசிரியர்கள் தங்களுக்குள்ளும் கூடி வேலை செய்யும் முறை தேவைப்படுவது அதற்காகத்தான். பாடத்துக்குச் சர்க்கரை பூசுவது அதன் நோக்கமல்ல.

தவறு எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். அமெரிக்காவில் ஜான் கிளெமென்ட்டும் அவருடைய சகாக்களும் 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் பொறியியல் முதலாண்டு மாணவர்களிடம் ஒரு கேள்வி வைத்தார்கள். ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களைப் போல ஆறு மடங்கு மாணவர்கள் இருக்கிறார்கள். இதைச் சமன்பாடாக எழுத வேண்டும். மாணவர் எண்ணிக்கையை 'மா' என்றும் பேராசிரியர் எண்ணிக்கையை 'பே' என்றும் நம் வசதிக்கு வைத்துக்கொள்வோம். மூன்றில் ஒருவருக்கு மேல் தவறினார்கள். தவறியவர்களில் பெரும்பாலோர் எழுதியது 6மா = பே. பேராசிரியர் 10, மாணவர் 60 என்று எண்களைப் போட்டால் 360உம் 10உம் சமம் என்று வந்து நிற்கும். சரியான விடை மா = 6பே. தவறியவர்கள் பெருக்கல் தெரியாதவர்கள் அல்ல. 'மா' என்பதை ஓர் எண்ணாகப் பார்க்காமல் 'மாணவர்' என்பதன் சுருக்கமாகப் பார்த்திருக்கிறார்கள். 'ஆறு மாணவருக்கு ஒரு பேராசிரியர்' என்ற வாக்கியத்தை அப்படியே குறிகளில் எழுதிவிட்டார்கள்.

சமக்குறியின் கதையும் இதுதான். 8 + 4 = __ + 5 என்று கொடுத்துக் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் 12 என்று எழுதும் பிள்ளைகளே அதிகம் என்று 1999இல் தாமஸ் கார்ப்பென்டரின் குழு காட்டியது; 17 என்று எழுதியவர்களும் உண்டு. இரு பக்கமும் ஒரே மதிப்பு என்று சொல்லும் குறியை அவர்கள் 'இதோ விடை வருகிறது' என்ற அறிவிப்பாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பழக்கத்தோடு 3எக்ஸ் + 2 = எக்ஸ் + 10 என்ற கணக்கின் முன்னால் வந்து நிற்கும் பிள்ளைக்கு நாம் கொடுப்பது 'அந்தப் பக்கம் போனால் குறி மாறும்' என்ற மந்திரம். அது பலிக்கும்; எக்ஸ் = 4 என்று வரும்; டிக் விழும். கணக்கின் உருவம் கொஞ்சம் மாறும் நாளில் மந்திரம் பலிக்காது. ஏன் பலிக்கவில்லை என்று பிள்ளைக்கும் தெரியாது, டிக் போட்ட ஆசிரியருக்கும் தெரியாது. இப்படித் திரும்பத் திரும்பத் தோற்றவன் ஒரு கட்டத்தில் முயல்வதையே விட்டுவிடுகிறான். அதைச் சோம்பல் என்பதைவிட அனுபவம் என்பதே பொருந்தும்.

தனியே படித்தவர்களும் கூடிப் படித்தவர்களும்

பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1970களில் யூரி டிரைஸ்மன் என்பவர் கேட்ட கேள்வி நுண்கணிதம் பற்றியது; பதில் இயற்கணிதத்துக்கும் செல்லும். கறுப்பின மாணவர்கள் அந்தப் பாடத்தில் ஏன் அதிகம் தோற்கிறார்கள்? ஊக்கம் போதாது, அடிப்படை போதாது, வீட்டில் ஆதரவு இல்லை என்று அங்கும் வழக்கமான காரணங்கள் கையில் இருந்தன. கறுப்பின மாணவர் 20 பேரையும் சீன அமெரிக்க மாணவர் 20 பேரையும் அவர்கள் படிக்கும் இடத்துக்கே போய் அவர் கவனித்தபோது, அந்தக் காரணங்கள் எதுவும் நிற்கவில்லை. சீன அமெரிக்க மாணவர்கள் தனியே படித்த பிறகு கூடி உட்கார்ந்து ஒருவர் கணக்கை ஒருவர் சோதித்தார்கள். கறுப்பின மாணவர்களில் பெரும்பாலோர் சிரத்தையாக, ஆனால் தன்னந்தனியாகப் படித்தார்கள். தங்களுக்குப் புரியாதது தங்களுக்கு மட்டும்தான் புரியவில்லை என்று நினைத்தார்கள். டிரைஸ்மன் அவர்களுக்குத் தனி வகுப்பு ஒன்று அமைத்தார். அதைப் 'பின்தங்கியோர் வகுப்பு' என்று அவர் அழைக்கவில்லை. திறமையாளர்களுக்கான பட்டறை என்றே அழைத்து, வழக்கத்தைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்துக் குழுவாகப் போராட விட்டார். அந்தப் பட்டறைக்கு வந்தவர்கள், வராத மற்ற மாணவர்களை மதிப்பெண்ணில் தாண்டினார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கப் பாடம் சிகாகோவில் கிடைக்கிறது. அந்நகரத்துப் பொதுப் பள்ளிகள் 1997இல் ஒன்பதாம் வகுப்பு மாணவர் அனைவரும் இயற்கணிதம் படித்தே ஆக வேண்டும் என்று விதித்து, எளிய மாற்று வகுப்புகளை மூடின. எல்லாரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்தார்கள். தோல்வி விகிதம் ஏறியது, தேர்வு மதிப்பெண் ஏறவில்லை. 2003இல் கொள்கையைத் திருத்தினார்கள். எட்டாம் வகுப்புத் தேர்வில் தேசிய நடுமதிப்புக்குக் கீழே இருந்தவர்களுக்கு இயற்கணிதம் இரண்டு பீரியட் ஆனது. கூடுதல் நேரத்தோடு ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கிடைத்தது. மாணவர்கள் விடையைச் சொல்வதோடு நில்லாமல் வழியையும் விளக்கும் முறைகள் வகுப்புக்குள் வந்தன. பின்னாளில் நடந்த ஆய்வு, இம்மாணவர்களிடையே பள்ளி முடிப்போரும் கல்லூரி செல்வோரும் கூடினர் என்று கண்டது. அதிகப் பயன் பெற்றவர்கள் வாசிப்பில் பின்தங்கியிருந்தவர்கள். கணக்கைச் சொல்லில் விளக்கப் பழகியது காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். அது சரியென்றால், 'இவனுக்குக் கணக்கு வராது' என்று ஒதுக்கப்பட்டவர்களில் சிலருக்கு வராமல் இருந்தது கணக்கு அல்ல, அதைச் சொல்லும் மொழி.

அந்த மொழியைப் படிப்படியாகக் கட்டியெழுப்பும் முறை ஒன்றை உருவாக்கியவர் ராபர்ட் மோசஸ். 1960களில் மிசிசிப்பியில் கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிய வைக்கப் போராடியவர். 1982இல் தன் மகள் படித்த மாசசூசெட்ஸ் பள்ளியில் இயற்கணிதம் சொல்லிக்கொடுக்கப் போனது, 'அல்ஜீப்ரா புராஜெக்ட்' என்ற இயக்கமாக வளர்ந்தது. அவர் முறையில் பிள்ளைகள் முதலில் பாஸ்டன் நகர மெட்ரோ ரயிலில் ஏறிப் போவார்கள். திரும்பி வந்து பயணத்தைப் படமாக வரைவார்கள். தங்கள் பேச்சு வழக்கில் விவரிப்பார்கள். எந்த நிலையத்தில் ஏறினோம், எந்தத் திசையில் எத்தனை நிலையம் போனோம் என்று அந்தப் பேச்சைத் திருத்தமாக்குவார்கள். கடைசியில்தான் குறிகள் வரும். மைனஸ் என்பது அங்கே எதிர்த்திசைப் பயணம். அதைப் பிள்ளைகளே விவாதித்துத் தீர்மானித்திருப்பார்கள். நம் வழக்கமான வகுப்பு இந்த ஏணியின் கடைசிப் படியில் தொடங்கி அங்கேயே முடிகிறது.

எதிர்வாதங்கள்

குழு என்றால் கெட்டிக்காரன் ஒருவன் போடுவான், மற்றவர்கள் பார்த்து எழுதுவார்கள் என்ற புகார் நியாயமானது. ஸ்டான்ஃபோர்டின் எலிசபெத் கோஹன் இதை நெடுங்காலம் ஆராய்ந்தவர். வகுப்பில் யாருக்கு 'அறிவாளி' என்ற பெயர் இருக்கிறதோ அவர் பேச்சே குழுவிலும் எடுபடுகிறது என்று காட்டினார். அவர் சொன்ன தீர்வு, ஆளுக்கொரு பொறுப்பு. ஒருவரால் தனியே முடிக்க இயலாத கணக்கு. ஒதுங்கி நிற்கும் பிள்ளை சொன்ன நல்ல யோசனையை ஆசிரியர் எல்லார் முன்னும் பெயர் சொல்லிப் பாராட்டுவது. குழுவின் சார்பில் யார் விளக்க வேண்டும் என்று ஆசிரியர் கடைசி நிமிடத்தில் கைகாட்டினால், கெட்டிக்காரனுக்கும் மற்றவர்களுக்குப் புரியவைக்கும் அவசியம் வந்துவிடும்.

குருடனுக்குக் குருடன் வழிகாட்ட முடியுமா என்பது அடுத்த கேள்வி. புதிதாகக் கற்பவரைக் கணக்கோடு மல்லுக்கட்ட விடுவதைவிட, போட்டு முடித்த மாதிரிக் கணக்குகளைப் படிக்கக் கொடுப்பது பலன் தரும் என்று 1985இல் ஸ்வெல்லரும் கூப்பரும் இயற்கணிதத்தை வைத்தே நிறுவினார்கள். இதை மறுக்க வேண்டியதில்லை. மாதிரிக் கணக்கையே பேச்சுக்குப் பொருளாக்கலாம். 6மா = பே என்றும் மா = 6பே என்றும் இரண்டையும் போர்டில் எழுதி, எது சரி, மற்றதை எழுதியவர் என்ன நினைத்திருப்பார் என்று பக்கத்தில் இருப்பவரோடு பேசி முடிவு செய்யச் சொன்னால், விளக்கமும் கிடைக்கும், விவாதமும் கிடைக்கும்.

கூட்டு வகுப்பு கெட்டிக்காரர்களைக் கட்டிப்போடும் என்ற அச்சத்துக்கு சான்பிரான்சிஸ்கோவைச் சான்று காட்டுவார்கள். அந்நகரத்துப் பள்ளிகள் 2014 முதல் எல்லாரையும் ஒன்றாக வைப்பதற்காக இயற்கணிதத்தை எட்டாம் வகுப்பிலிருந்து ஒன்பதுக்குத் தள்ளின. பெற்றோரின் கடும் எதிர்ப்புக்குப் பின், 2024இல் எட்டாம் வகுப்புக்கே அதைத் திருப்பிக் கொண்டுவர முடிவெடுத்தன. எல்லாரையும் ஒரே அறையில் உட்கார வைப்பது வேறு, கூட்டாகக் கற்பிப்பது வேறு என்பதையே 1997இன் சிகாகோவைப் போல இதுவும் சொல்கிறது. டிரைஸ்மன் கணக்கைக் கடினமாக்கினார், எளிதாக்கவில்லை.

மிச்சம் இருப்பது நேரம். நாற்பது பேர் வகுப்பு, முடிக்க வேண்டிய போர்ஷன், எதிரே பொதுத்தேர்வு என்று நம் ஆசிரியர்கள் சொல்வது சாக்கு அல்ல. ஆனால் ஏழாம் வகுப்பில் விட்ட தவறைப் பத்தாம் வகுப்புச் சிறப்பு வகுப்புகளில் துரத்துவதற்கு ஆகும் நேரத்தை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. பெஞ்சை நகர்த்த வேண்டாம். இருவர் இருவராகப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்துக்கு ஏற்ற கேள்வியைத் தேர்ந்தெடுப்பதுதான் கடினம், அதை ஓர் ஆசிரியர் தனியே செய்ய வேண்டியதும் இல்லை. ஜப்பானில் ஆசிரியர்கள் ஒரு பாடத்தைக் கூடித் திட்டமிடுகிறார்கள். பிள்ளைகள் என்னென்ன தவறான விடை சொல்வார்கள் என்று முன்கூட்டியே பட்டியலிடுகிறார்கள். ஒருவர் நடத்த, மற்றவர்கள் பின்னால் நின்று பிள்ளைகளைக் கவனிக்கிறார்கள். பிறகு பாடத்தைத் திருத்துகிறார்கள். அங்கே ஆராயப்படுவது பாடம். ஆசிரியரை எடைபோடுவது அதன் வேலையல்ல. நம் பள்ளிகளில் சக ஆசிரியர் வகுப்புக்குள் நுழைந்தாலே அது இன்ஸ்பெக்‌ஷன் போலத் தோன்றுகிறது. கணித ஆசிரியர்களுக்கு வாரம் ஒரு பீரியட் பொதுவாக ஓய்வு கிடைக்கும்படி டைம்டேபிள் போட்டு, அந்த நேரத்தில் 'இந்த வாரம் பிள்ளைகள் எக்ஸை என்னவென்று நினைத்தார்கள்' என்பதை மட்டும் அவர்கள் பேசிக்கொள்ளட்டும். இதற்குப் புதிய திட்டமோ நிதி ஒதுக்கீடோ வேண்டாம். தலைமை ஆசிரியர் மனது வைத்தால் அடுத்த திங்கட்கிழமையே தொடங்கலாம்.