மண்கோட்டையும் மலைமொழியும்

மொரோக்கோ நாட்டின் மராக்கேஷ் நகரிலிருந்து நாள்தோறும் காலையில் சுற்றுலா வண்டிகள் தென்கிழக்கு நோக்கிப் புறப்படுகின்றன. வழிகாட்டி ஒருவர் உடன்வர, உயர் அட்லஸ் மலையைக் கடந்து, பாலை நிலத்தின் வாயிலில் உள்ள ஐத் பென்ஹத்து என்னும் பெர்பர் சிற்றூரைக் கண்டு, இரவுக்குள் திரும்புவது இப்பயணத்தின் வழக்கம். ஒரு வழிக்கு ஏறத்தாழ 180 கிலோமீட்டர். மலைப்பாதையாதலின் நான்கு மணி நேரம் செல்லும். மலையும் பாலையும் எவர் கண்ணுக்கும் தாமே புலப்படும். அங்கு வாழும் மக்களின் வரலாறோ ஊர்ப் பெயர்களிலும் மண்சுவர்களிலும் அடங்கிக் கிடக்கிறது.

மலை பிரிக்கும் இரு நிலங்கள்

வடசரிவில் மரங்களும் அடுக்கடுக்கான வயல்களும் உண்டு. பாதை வளைந்து வளைந்து ஏறி, 2,260 மீட்டர் உயரத்தில் உள்ள டிஸி ந் திச்கா என்னும் கணவாயை அடைகிறது. அதனைத் தாண்டியதும் பசுமை குன்றிச் செந்நிறக் கல்நிலம் தொடங்குகிறது. அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று வடசரிவில் ஏறிக் குளிர்ந்து மழையாகப் பெய்துவிடுகிறது. மறுபுறம் இறங்கும் காற்று வறண்டு போகிறது. இதுவே இம்மாற்றத்திற்குக் காரணம்.

பாலை என்றதும் மணற்குன்றுகளையே நினைப்போர் பலர். இங்குள்ளது கற்பாலை, மணற்குன்றுகளைக் காண இன்னும் நெடுந்தொலைவு செல்ல வேண்டும். பனியுருகி வரும் ஆற்றுநீரை வாய்க்கால்களில் திருப்பி, முறைவைத்துப் பாய்ச்சும் இடங்களில் மட்டுமே ஊர்கள் உள்ளன.

பெயரும் பொருளும்

'பெர்பர்' என்பது அம்மக்கள் தமக்குத் தாமே இட்டுக்கொண்ட பெயரன்று. விளங்காத மொழி பேசுவோரைக் குறித்த பழைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது என்பர். தம்மை அவர்கள் 'அமாஸிக்' என்கின்றனர். 'தன்னுரிமை உடையவன்' என்று அதற்குப் பொதுவாகப் பொருள் கூறுவர். அவர்கள் மொழியின் பெயர் 'தமாஸிக்த்'. முதலிலும் இறுதியிலும் தகர ஒலி சேர்ப்பது அம்மொழியில் பெண்பால் காட்டும் முறை. மொழியின் பெயரும் பெண்பாலே.

'டிஸி' என்றால் கணவாய். 'ந்' என்பது உடைமைப் பொருள் தரும் இடைச்சொல். 'ஐத்' என்பது வழிவந்தோரைக் குறிக்கும். ஆகவே ஐத் பென்ஹத்து என்பது முதலில் ஒரு குடியின் பெயர். பின்னரே ஊரின் பெயராயிற்று. இத்தகைய நான்கைந்து சொற்களை அறிந்தவர்க்கு நிலப்படத்தின் பாதி விளங்கிவிடும்.

சுவர் நிற்பது எங்ஙனம்?

ஆற்றங்கரைக் குன்றின்மேல் அமைந்த இவ்வூர் தொலைவிலிருந்து கோட்டைபோல் தோன்றும். மரப்பலகைகளுக்கிடையே ஈரமண்ணை இட்டுத் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கி, பலகையை மேலே நகர்த்தி மறுபடியும் இடித்து எழுப்பிய சுவர்கள் இவை. பகல் வெப்பத்தையும் இரவுக் குளிரையும் தடுக்கும் இச்சுவர்களுக்கு மழையே பகை. அடிக்கடி மண்பூசிப் பேணாவிடின் சில ஆண்டுகளில் கரைந்துவிடும்.

குன்றின் உச்சியில் நிற்பது அரண்மனையன்று, ஊர்ப் பொதுக் களஞ்சியத்தின் எச்சம். இத்தகைய களஞ்சியத்தை 'அகாதிர்' என்பர். கடற்கரை நகரான அகாதிரின் பெயரும் இச்சொல்லே. குடும்பத்திற்கு ஓர் அறை. அதில் தானியமும் எண்ணெயும் ஆவணங்களும் இருக்கும். ஊரார் அமர்த்திய காவலர் ஒருவர் காப்பார். சில ஊர்களில் களஞ்சிய விதிகளை மரப்பலகைகளில் எழுதி வைத்திருந்தனர். பகைவருக்கு அஞ்சியது போலவே பஞ்சத்திற்கும் அஞ்சி எழுப்பிய காப்பு இது.

1962இல் வெளிவந்த 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' முதலிய திரைப்படங்கள் எடுக்கப்பட்ட இடம் என்றே வழிகாட்டிகள் இவ்வூரைப் பெரிதும் அறிமுகப்படுத்துகின்றனர். 1987இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. ஆயினும் பெரும்பாலான குடும்பங்கள் ஆற்றின் மறுகரையிலுள்ள புதிய ஊருக்குக் குடிபெயர்ந்துவிட்டன. ஆளில்லாத மண்வீடு நெடுநாள் நில்லாது. 2023 செப்டம்பர் 8ஆம் நாள் நேர்ந்த நிலநடுக்கத்தில் 2,900 பேருக்கு மேல் மாண்டனர். அட்லஸ் மலைச் சிற்றூர்கள் பல தரைமட்டமாயின.

பள்ளிக்கு வந்த மொழி

மொழியின் நிலையும் மண்சுவரின் நிலையை ஒத்ததே. இம்மொழியின் தொல்லெழுத்தில் பொறித்த கி.மு. 2ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு துனீசியாவின் துக்கா என்னுமிடத்தில் கிடைத்துள்ளது. சகாராவின் துவாரெக் மக்கள் அவ்வெழுத்தின் வழிவந்த திஃபினாக் எழுத்தைக் கைவிடாது காத்தனர். பிற இடங்களிலோ மொழி பெரும்பாலும் வாய்வழியே, தாயிடமிருந்து பிள்ளைக்கு வந்தது.

மொரோக்கோவில் 2001இல் அமாஸிக் பண்பாட்டிற்கென அரச ஆய்வுக் கழகம் நிறுவப்பட்டது. 2003இல் 33 எழுத்துகளுடன் திஃபினாக் தேர்ந்தெடுக்கப்பட்டு, அவ்வாண்டே தொடக்கப் பள்ளிகளில் மொழிப்பாடம் தொடங்கிற்று. 2011ஆம் ஆண்டின் அரசமைப்புச் சட்டம் அரபுடன் தமாஸிக்தையும் ஆட்சிமொழியாக்கியது. எனினும் பாடம் எல்லாப் பள்ளிகளையும் இன்னும் எட்டவில்லை. 2024ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இம்மொழி பேசுவோர் நாட்டில் ஏறத்தாழ நால்வரில் ஒருவரே. நகரங்களில் குடியேறிய பெற்றோரின் பிள்ளைகள் அதனை மெல்ல மறந்து வருகின்றனர்.

சட்டம் மொழிக்கு இடந்தர இயலும். பள்ளி எழுத்தைக் கற்றுத்தர இயலும். வீட்டில் பேசுவோர் இன்றேல் இவ்விரண்டும் போதா. மண்சுவருக்கு ஆண்டுதோறும் மண்பூச வேண்டியவர் அவ்வீட்டார்தாம். பார்த்துச் செல்லும் பயணியல்லர்.