கடலைச் சுற்றிய கண்ணாடிப் படகு

கண்ணாடி வளையல் கை தவறிக் கீழே விழுந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். அந்தக் கண்ணாடியை நம்பி இரண்டு பெண்மணிகள் உலகத்தையே சுற்றி வந்தார்கள் என்றால் நம்புவீர்களா?

படகின் பெயர் 'தாரிணி'. நீளம் சுமார் 56 அடி. ஹாலந்து நாட்டு நிபுணர்களின் வரைபடத்தை வைத்துக்கொண்டு கோவாவில் கட்டி, 2017-ல் நமது கடற்படையில் சேர்த்தார்கள்.

கண்ணாடி என்றதும் முகம் பார்க்கும் கண்ணாடியை நினைத்து விடாதீர்கள்! கண்ணாடியை உருக்கி, மெல்லிய இழையாக இழுத்து, துணியாக நெய்து, பிசினில் தோய்த்து, அடுக்கடுக்காக ஒட்டுகிறார்கள். பிசின் இறுகியதும் அது கல்லாகி விடுகிறது. தாரிணிக்கு உள்ளும் புறமும் இந்த இழைதான், நடுவில் மரம். அதனால் கனம் குறைவு, பலம் அதிகம். கடல் புழு துளைக்குமே என்ற கவலையும் இல்லை.

சரி, புயலில் படகு கவிழ்ந்து விடாதா? தஞ்சாவூர்ப் பொம்மையைத் தள்ளிப் பாருங்கள். சாயும், உடனே எழுந்து நிற்கும். அடியில் உள்ள கனம்தான் காரணம். பாய்மரப் படகின் அடியிலும் அப்படித்தான் பெரும் பாரத்தை வைக்கிறார்கள்.

சமையலுக்கும் வழி உண்டு. இத்தகைய படகுகளில் அடுப்பை ஊஞ்சல் போலத் தொங்க விடுவது வழக்கம். படகு சாய்ந்தாலும் அடுப்பு மட்டம் தவறாது. பாத்திரத்தில் இருப்பது சிந்தாது.

இதில் முதலில் உலகைச் சுற்றியவர்கள் வர்த்திகா ஜோஷியின் தலைமையில் ஆறு பெண் அதிகாரிகள். 2017 செப்டம்பரில் கிளம்பினார்கள். வீடு நெருங்கும் வேளையில், இந்து மகா சமுத்திரத்தில் சுக்கான் பழுதாகி விட்டது! சுக்கான் இல்லாத படகு கடிவாளம் இல்லாத குதிரை அல்லவா? மொரீஷியஸில் ஒதுங்கி, பழுது பார்த்து, 2018 மே 21-ல் கோவா வந்து சேர்ந்தார்கள்.

அடுத்த முறை இரண்டே பேர்! கோழிக்கோட்டுத் தில்னாவும் புதுச்சேரி ரூபாவும் 2024 அக்டோபர் 2-ல் கோவாவிலிருந்து புறப்பட்டார்கள். ஒருவர் கண்ணயர்ந்தால் மற்றவர் விழித்திருக்க வேண்டும். மாலுமிகள் அஞ்சும் ஹார்ன் முனையையும் கடந்து, 25,000 கடல் மைலுக்கு மேல் பயணம் செய்து, 2025 மே 29-ல் திரும்பினார்கள்.

படகு எத்தனை உறுதியாக இருந்தால் என்ன? சுக்கானைப் பிடிக்கும் கையும் உறுதியாக இருக்க வேண்டுமே! அந்தக் கைகளில் வளையல் குலுங்கினால் என்ன குறைவு?