கொச்சியா... திம்பமா? பிக்கப் வாங்கும் முன் பார்க்க வேண்டிய அந்த ஒரு நம்பர்!

திருப்பூரில் ஒரு டி-ஷர்ட் பெட்டிக்குள் போவதற்குள், அதன் துணி ஊரையே ஒரு சுற்று சுற்றிவிடும். மில்லில் இருந்து நூல் மூட்டை நிட்டிங்குக்கு, அங்கிருந்து கிரே துணி ரோல் டையிங்குக்கு, சாயம் ஏறிய துணி காம்பாக்டிங்குக்கு, அப்புறம் கட்டிங்குக்கு... ஒவ்வொரு நடைக்கும் ஒரு வண்டி வேண்டும். அதனால்தான் பனியன் கம்பெனியில் நாலு வருஷம் வேலை பார்த்துவிட்டு, 'சொந்தமா ஒரு வண்டி போட்டுரலாம்' என்று லோனில் பிக்கப் எடுக்கும் இளைஞர்கள் இங்கே அதிகம்.

ஷோரூமுக்குப் போனதும் கேட்கிற கேள்விகள் நமக்குத் தெரியும். மைலேஜ் எவ்வளவு? எத்தனை ஹெச்.பி? எத்தனை டன் ஏற்றலாம்? மாசம் டியூ எவ்வளவு? எல்லாம் சரிதான். ஆனால், நாலு மாசம் கழித்து மெக்கானிக் ஷாப்பில், ''ஊருக்குள்ள நல்லாத்தான் போகுதுங்ண்ணா... லோடு ஏத்திட்டு மேடு ஏறுனா இழுக்கவே மாட்டேங்குது'' என்று புலம்ப வைப்பது, ஷோரூமில் யாரும் கேட்காத ஒரு நம்பர். அதன் பெயர் பின் ஆக்சில் ரேஷியோ.

அது என்ன நம்பர்?

பிக்கப்பின் பின்பக்கம் குனிந்து பார்த்தால், ரெண்டு சக்கரத்துக்கும் நடுவில் பூசணிக்காய் மாதிரி ஓர் இரும்பு உருண்டை தெரியும். அதுதான் டிஃபரன்ஷியல். கியர்பாக்ஸில் இருந்து வரும் நீளமான ஷாஃப்ட் அதற்குள் போய் ஒரு சின்ன பல்சக்கரத்தைச் சுற்றும். அது பினியன். பினியன் சுற்றும் பெரிய பல்சக்கரம் கிரவுன்.

பினியனில் 10 பல், கிரவுனில் 41 பல் என்றால் ரேஷியோ 4.1. அதாவது ஷாஃப்ட் 4.1 முறை சுற்றினால்தான் சக்கரம் ஒரு முறை சுற்றும். பினியனில் 8 பல், கிரவுனில் 39 பல் என்றால் கிட்டத்தட்ட 4.9.

பைக்கில் பின் ஸ்ப்ராக்கெட் மாற்றியவர்களுக்கு இது சட்டென்று புரியும். பெரிய ஸ்ப்ராக்கெட் போட்டால் பிக்அப் எகிறும், டாப் ஸ்பீடு குறையும். இங்கேயும் அதே கதைதான். நம்பர் பெரிதானால் இழுவை கூடும், வேகம் குறையும். நம்பர் சின்னதானால் வேகம் கூடும், இழுவை குறையும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போமா?

உதாரணத்துக்கு, 200 நியூட்டன் மீட்டர் டார்க் தரும் ஒரு டீசல் இன்ஜின். வண்டியும் லோடுமாகச் சேர்த்து 3 டன். 12 அடி போனால் ஒரு அடி உயரும் ஏற்றம். நம்ம ஊட்டி மலை ரயில் பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறுகிற அதே சரிவு!

இந்தச் சரிவில் 3 டன் வண்டியைப் பின்னால் இழுக்கும் பாரம் 250 கிலோ. டயர் உருளும்போது வரும் தடையையும் சேர்த்தால் சுமார் 295 கிலோ. இதற்கு மேல் இழுத்தால்தான் வண்டி ஏறும்.

மூன்றாவது கியரின் விகிதம் 1.4 என்று வைத்துக்கொள்வோம். உராய்வில் போவதைக் கழித்துவிட்டுப் பார்த்தால், 4.1 ஆக்சில் உள்ள வண்டி சக்கரத்தில் தரும் இழுவை சுமார் 294 கிலோ. 4.9 ஆக்சில் தருவது சுமார் 350 கிலோ.

விஷயம் புரிகிறதா? ஒரே இன்ஜின், ஒரே லோடு, ஒரே மேடு. 4.9 வண்டி மூன்றாவது கியரிலேயே ஏறிவிடும். 4.1 வண்டி மூச்சு முட்டி, ரெண்டாவதுக்கு இறங்கியே ஆக வேண்டும். இன்ஜின் 2,000 ஆர்.பி.எம்-மில் சுற்றும்போது முதல் வண்டி 38 கி.மீ வேகத்தில் ஏறும். ரெண்டாவது வண்டி 29-ல் ஊரும். 'ஸ்பீடு ஆக்சில்' என்று நினைத்து வாங்கியது, மேட்டில் ஸ்லோ ஆகிவிடுகிறது!

ஒரே ஊர், ரெண்டு ரோடு

திருப்பூரின் சிறப்பே இதுதான். இங்கிருந்து மேற்கே கொச்சி துறைமுகத்துக்குப் போனால், மேற்குத்தொடர்ச்சி மலையைத் தாண்ட வேண்டும். ஆனால், மலை ஏற வேண்டியதில்லை. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் பாலக்காட்டுக் கணவாய் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. பெரிய ஏற்றம் இல்லாமலே கேரளாவுக்குள் போய்விடலாம். தாராபுரம், மதுரை வழியாகத் தூத்துக்குடி துறைமுகம் போவதும் பெரும்பாலும் சமதளம்தான்.

அதே வண்டியை வடக்கே மைசூர் பக்கம் திருப்புங்கள். சத்தியமங்கலம், பண்ணாரி தாண்டினால் திம்பம் மலைப்பாதை. 27 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் வேகம் செத்து, மறுபடி லோடோடு எழ வேண்டும். மேட்டுப்பாளையத்தில் இருந்து ஊட்டிக்கு லோடு அடிப்பவர்களுக்கும் இதே பாடுதான். ஊட்டி இருப்பது சுமார் 2,240 மீட்டர் உயரத்தில்!

ஆக, கொச்சி ரோட்டுக்கு ஏற்ற ஆக்சில் வேறு, திம்பத்துக்கு ஏற்ற ஆக்சில் வேறு. ஊருக்குள் மட்டும் ஓட்டுபவர்களுக்கு? அவிநாசி ரோடு, பல்லடம் ரோடு டிராஃபிக்கில் துணி ரோலோடு நின்று நின்று போகிறவர்களுக்குக் கொஞ்சம் பெரிய நம்பரே நல்லது. இழுவை குறைவான வண்டியை ஒவ்வொரு தடவையும் கிளட்ச்சை அரைத்துத்தான் கிளப்ப வேண்டியிருக்கும். கிளட்ச் பிளேட் காலி ஆவது அப்படித்தான்.

அப்போ பெரிய நம்பரே எடுத்துடலாமா?

அவசரப்படாதீங்க. சரக்கு பிக்கப்களுக்கு 80 கி.மீ-தான் வேக வரம்பு. அந்த வேகத்தில் டாப் கியர் 1:1 என்றால், 4.1 ஆக்சில் வண்டியில் இன்ஜின் சுமார் 2,480 ஆர்.பி.எம் சுற்றும். 4.9-ல் சுமார் 2,970. ஒவ்வொரு நிமிஷமும் கிட்டத்தட்ட 500 சுற்று அதிகம். வாரத்துக்கு நாலு நடை கொச்சி போகிறவருக்கு இது டீசல் செலவு, சத்தம், இன்ஜின் தேய்மானம். ஓவர்டிரைவ் டாப் கியர் உள்ள வண்டி என்றால் இந்தப் பாதிப்பு குறையும். அதனால், டாப் கியர் விகிதத்தையும் சேர்த்தே பாருங்கள்.

இன்னொரு விஷயம், கெத்துக்காகப் பெரிய டயர் மாட்டுவது. டயர் உயரம் 10% கூடினால், 4.1 ஆக்சில் 3.7 மாதிரி நடந்துகொள்ளும். லுக் ஏறும், இழுவை இறங்கும்!

இறக்கத்திலும் இதுதான் காவல்

மலை ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து. பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால் அது சூடாகி, ஒரு கட்டத்தில் பிடிக்காமல் போகும். எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்க வேண்டும் என்று பெரிய டிரைவர்கள் சொல்வது இதற்காகத்தான். பின் ஆக்சில் நம்பர் பெரிதாக இருந்தால், அதே கியரில் இன்ஜினே வண்டியை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் இறக்குவது உயிரோடு விளையாட்டு.

நாமே மாற்றிக்கலாமா?

அமெரிக்காவில் டிரெய்லர் இழுக்க டீசல் பிக்கப் வாங்குபவர்கள், 3.55, 3.73, 4.10 என்று ஆக்சிலைத் தேர்ந்தெடுத்தே ஆர்டர் கொடுக்கலாம். அங்கே படகு, கேரவன், குதிரை வண்டி எல்லாம் பிக்கப்புக்குப் பின்னால் போகும். பின்னால் கட்டியிருக்கும் எடையும் இன்ஜினுக்குச் சுமைதான் என்பதால் இந்த நம்பர் அவர்களுக்கு மனப்பாடம். நம் ஊரில் பெரிய லாரிகளுக்கு இந்தத் தேர்வு உண்டு. சின்ன பிக்கப்களில் பெரும்பாலும் கம்பெனி கொடுப்பதுதான். எனவே, வாங்கும் முன்பே ரெண்டு மூன்று மாடல்களின் ஸ்பெக் ஷீட்டை வைத்து ஒப்பிடுவதே புத்திசாலித்தனம்.

வாங்கிய பிறகு கிரவுன்-பினியனை மாற்றுவது முடியாத காரியம் இல்லை. ஆனால், ரெண்டும் ஜோடியாகத்தான் வர வேண்டும். பல்லுக்குப் பல் இடைவெளி துல்லியமாக செட் செய்யாவிட்டால் 'ஊய்...' என்று ஊளையிட்டு, சீக்கிரமே தேய்ந்துவிடும். வாரன்டி போகலாம், ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டலாம்.

முக்கியமாக, ஆக்சில் மாற்றினால் ஏற்றும் அளவு கூடாது. ஸ்பிரிங், பிரேக், சேசிஸ் எல்லாம் பழையதுதானே? ஆர்.சி-யில் உள்ள மொத்த எடைதான் எல்லை. தாண்டினால் மோட்டார் வாகனச் சட்டப்படி 20,000 ரூபாய் அபராதம். கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் மேற்கொண்டு 2,000 ரூபாய்.

உங்க வண்டி நம்பர் என்ன?

செகண்ட் ஹேண்ட் வண்டி, பேப்பர் எதுவும் இல்லையா? உங்க போனே போதும். காலி வண்டியைச் சமதளத்தில் நியூட்ரலில் நிறுத்துங்கள். பின் டயரிலும் ஷாஃப்ட்டிலும் சாக்பீஸால் ஒரு கோடு. ஷாஃப்ட் தெரிகிற மாதிரி, டயர் பாதைக்கு வெளியே போனை வைத்து வீடியோவை ஆன் செய்யுங்கள். வண்டிக்கு அடியில் யாரும் இருக்கக் கூடாது. நண்பர்களோடு மெதுவாகத் தள்ளி, டயர் சரியாக ஒரு சுற்று சுற்றியதும் நிறுத்துங்கள். வீடியோவில் ஷாஃப்ட் எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். நாலு சுற்றும் கொஞ்சமும் என்றால் 4.1 பக்கம். ஐந்தைத் தொட்டால் 4.9 பக்கம்.

அதற்கு முன் ஒரு பேப்பரில், போன மாசம் போன நடைகளை எல்லாம் எழுதிப் பாருங்கள். எத்தனை கொச்சி, எத்தனை திம்பம், எத்தனை பல்லடம்? வருஷத்துக்கு ரெண்டு தடவை போகும் மலைக்காக வருஷம் முழுக்க டீசலைக் கொட்ட வேண்டாம். வாரா வாரம் மலை ஏறுகிறவர், சமதள வண்டியை வாங்கி கிளட்ச்சுக்கு அழ வேண்டாம்.

டியூ கட்டப்போவது நீங்கள். அதனால் வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டியது சேல்ஸ்மேன் இல்லை, நீங்கள் ஓடப்போகிற ரோடு!