பழி முந்தியது, தீர்ப்பு பிந்தியது

1991 மே 21, இரவு 10.20 மணி. ஸ்ரீபெரும்புதூர் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்து ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். கொன்றவர் யார் என்று போலீசுக்கே தெரியாத நேரத்தில், தமிழகமெங்கும் தி.மு.க.வினர் மீதும் கட்சி அலுவலகங்கள் மீதும் தாக்குதல் தொடங்கிவிட்டது.

மக்களின் கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. முந்தைய ஆண்டு ஜூனில் சென்னை கோடம்பாக்கத்தில் இலங்கைத் தமிழர் இயக்கமான ஈ.பி.ஆர்.எல்.எஃப்.பின் தலைவர் பத்மநாபாவும் தோழர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், கொலையாளிகள் தப்பிவிட்டார்கள். கருணாநிதியின் தி.மு.க. அரசு விடுதலைப் புலிகளைக் கண்டும் காணாமல் விட்டது என்ற குற்றச்சாட்டு அப்போதே வலுத்திருந்தது.

ஆனால் அந்த அரசு 1991 ஜனவரி 30 அன்றே கலைக்கப்பட்டது. ராஜீவ் கொல்லப்பட்ட இரவில் தமிழகத்தில் நடந்தது ஆளுநர் ஆட்சி. காவல்துறை யார் பொறுப்பில் இருந்தது என்ற கேள்வியைத் தேர்தல் மேடைகளில் யாரும் பெரிதாக எழுப்பவில்லை. ஜூனில் ஓட்டு எண்ணியபோது 234 இடங்களில் அ.தி.மு.க. 164, காங்கிரஸ் 60. தி.மு.க.வுக்கு மிஞ்சியது இரண்டு. அண்ணா பிறந்த காஞ்சிபுரமும் கைவிட்டது. துறைமுகம் தொகுதியில் கருணாநிதியே 890 ஓட்டு வித்தியாசத்தில்தான் கரையேறினார்.

துப்புத் துலக்கியது ஒரு கேமரா. குண்டுவெடிப்பில் இறந்த புகைப்படக்காரர் ஹரிபாபுவின் கேமரா சேதமில்லாமல் கிடைத்தது. கையில் சந்தன மாலையுடன் காத்து நின்ற, புலிகளின் தற்கொலைக் குண்டுதாரி தணு அதில் பதிவாகியிருந்தார். அந்தப் படங்களைப் பிடித்துக்கொண்டுதான் கார்த்திகேயன் தலைமையிலான சி.பி.ஐ. சிறப்புப் புலனாய்வுக் குழு முன்னேறியது. குற்றம் சாட்டப்பட்ட 41 பேரில் தி.மு.க. தலைவர் ஒருவரும் இல்லை.

பாதுகாப்பு எங்கே ஓட்டையானது என்று ஆராய்ந்தவர் நீதிபதி வர்மா. பதவி இழந்த ராஜீவுக்கு எஸ்.பி.ஜி. காவலுக்கு ஈடான மாற்றுக் காவல் தராத மத்திய அரசு, மாநிலப் போலீஸ், கூட்டத்தில் கட்டுப்பாடு காக்காத காங்கிரசார் என மூன்று தரப்பின் தவறுகளையும் 1992இல் அவர் எடுத்துச் சொன்னார். பழியைப் பங்கிட்டுத் தரும் அறிக்கையால் எந்தக் கட்சிக்கு லாபம்? அது பெரிதாகப் பேசப்படவில்லை.

பேசப்பட்டது, கொலைச் சதியை ஆராய்ந்த நீதிபதி ஜெயின் ஆணையத்தின் இடைக்கால அறிக்கை. புலிகள் தமிழகத்தில் காலூன்ற தி.மு.க. ஆட்சி இடம் கொடுத்தது என்று அது சாடியது. 1997 நவம்பரில் அது பத்திரிகையில் கசிந்ததும், தி.மு.க. அமைச்சர்களை நீக்கச் சொல்லி பிரதமர் குஜ்ராலை, அவர் அரசுக்கு வெளியிலிருந்து ஆதரவு தந்த காங்கிரஸ் நெருக்கியது. அவர் மறுத்தார். நவம்பர் 28 அன்று ஆதரவு வாபஸ். அன்றே அரசு விழுந்தது.

அசட்டையாக இருப்பது வேறு, சதியில் பங்கெடுப்பது வேறு. முதலாவதற்கு ஒரு அரசு மக்களிடம் பதில் சொல்லியே ஆக வேண்டும்; இரண்டாவதை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். இந்தக் கோட்டை 1991இலும் 1997இலும் அழித்தவர்கள், இறந்தவர்களின் குடும்பங்களுக்கு எந்த நியாயமும் செய்யவில்லை. அந்தக் குடும்பங்கள் காத்திருந்த விசாரணைத் தீர்ப்பு, குஜ்ரால் அரசு விழுந்து இரண்டு மாதம் கழித்தே வந்தது. 1998 ஜனவரி 28 அன்று பூந்தமல்லி தடா நீதிமன்றம், விசாரணையை எதிர்கொண்ட 26 பேருக்கும் தூக்கு விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் நால்வருக்குத் தூக்கை உறுதிசெய்து, மூவருக்கு ஆயுளாகக் குறைத்து, 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது.

2004இல் அதே காங்கிரசும் அதே தி.மு.க.வும் கூட்டணி வைத்து, தமிழகத்தின் 39 மக்களவைத் தொகுதிகளையும் தோழமைக் கட்சிகளோடு அள்ளின. ஜெயின் அறிக்கையின் பேச்சு அடங்கிப்போனது. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம், தூக்கு உறுதிசெய்யப்பட்ட அந்த நால்வரில் ஒருவரான பேரறிவாளனை விடுவித்தபோது முதல்வர் ஸ்டாலின் அவரைக் கட்டியணைத்து வரவேற்றார். தமிழகக் காங்கிரசார் வாயில் வெள்ளைத் துணி கட்டி எதிர்ப்புத் தெரிவித்தனர். கூட்டணி தொடர்ந்தது.