ஏலமில்லாத சம்பளம்

சேவூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் திங்கள்கிழமை நிலக்கடலை ஏலம் நடக்கும். சுற்றுப்பட்டு விவசாயிகள் மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்குவார்கள். வியாபாரிகள் ஒரு கை அள்ளி, தோலை உடைத்து, பருப்பின் திரட்சியைப் பார்த்து விலை கேட்பார்கள். முதல் ரகம், இரண்டாம் ரகம், மூன்றாம் ரகம் என்று குவிண்டாலுக்கான விலை அப்போதே முடிவாகிவிடும். போன வார விலை இந்த வாரம் நிற்காது. நாலு மாதப் பாடு சில நிமிடங்களில் ரூபாயாக மாறுகிற அந்தக் கூடத்தில், விலை ஏறினாலும் இறங்கினாலும் தன் வருமானத்தில் ஒரு பைசா மாறாத ஆள் ஒருவர் உண்டு: பதிவேட்டில் எழுதிக்கொண்டிருக்கும் அரசு ஊழியர்.

ஊரில் மற்றவர்கள் பாடு அப்படியில்லை. பனியன் கம்பெனிக்குப் போகிறவர்களுக்கு பீஸ் ரேட்; ஆர்டர் இருந்தால் ஒன்றரை ஷிப்ட், இல்லாவிட்டால் வீட்டில் இருக்க வேண்டியதுதான். 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டது. இரண்டு முறையும் அடி கடைசியில் விழுந்தது சனிக்கிழமைச் சம்பளத்தில். அரசு அலுவலக இளநிலை உதவியாளரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 19,500 ரூபாய். கைவேகமுள்ள டைலர் நல்ல சீசனில் அதைத் தொட்டுவிடுவார். ஆனால் சீசன் எத்தனை மாதம் என்று அவருக்குத் தெரியாது.

இந்தத் தெரியாமைக்கு ஒரு விலை உண்டு என்பதை அளந்து பார்த்த ஆய்வு தமிழ்நாட்டில்தான் நடந்தது. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் 54 ஊர்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் ஆய்வாளர்கள் ஒரே மாதிரியான அறிவுத்திறன் சோதனைகளை இரண்டு தடவை நடத்தினார்கள்: கையில் காசில்லாத அறுவடைக்கு முன்பு ஒருமுறை, பணம் வந்த பிறகு ஒருமுறை. முடிவுகள் 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தன. அதே ஆள், அதே மூளை. அறுவடைக்கு முன்பு விடைகள் மோசமாக இருந்தன, பின்பு தேறின. பருவநிலைதான் காரணமோ என்று கேட்க வழியில்லை. ஆலை வெட்டு உத்தரவு தரும் தேதி ஆளுக்கு ஆள் மாதக்கணக்கில் முன்பின்னாக இருந்தது. கடனை எப்படிப் புரட்டுவது என்ற யோசனை மூளையின் ஒரு பகுதியை வாடகைக்கு எடுத்துக்கொள்கிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். இதன் அளவு எவ்வளவு என்பதில் பின்னால் விவாதங்கள் எழுந்தன. ஆனால் நிலையான மாதச் சம்பளம் எதை வாங்கித் தருகிறது என்பதற்கு இதைவிட நல்ல பதிலை நான் படித்ததில்லை. வங்கி கூப்பிட்டுக் கடன் கொடுப்பதும், பெண் வீட்டார் ‘மாப்பிள்ளை கவர்மெண்ட்’ என்றதும் எழுந்து நிற்பதும் இதன் கிளைகள்தான். பெண்களுக்கு இன்னொரு பெரிய காரணமும் உண்டு: 2021 முதல் சம்பளத்தோடு 12 மாத மகப்பேறு விடுப்பு. எந்தப் பனியன் கம்பெனியில் அதைக் கேட்க முடியும்?

சரி, இவ்வளவு நிம்மதி என்றால் அரசு ஊழியர்கள் எல்லோரும் ஆரோக்கியமாக இருக்க வேண்டுமே. லண்டனில் 1967இல் தொடங்கிய ஆய்வு ஒன்று இங்கேதான் ஆச்சரியப்படுத்துகிறது. ஏறத்தாழ 18,000 ஆண் அரசு ஊழியர்களை ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். ஒருவரும் பட்டினி கிடந்தவரில்லை, எல்லோருக்கும் நிலையான வேலை. அப்படியும் அடிமட்டப் பணியாளர்களிடையே இதயநோய் மரணம் உச்சப் பதவியினரைப் போல மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. புகைபிடித்தல், ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் பெரும்பங்கு மிஞ்சியது. 1985இல் 10,308 பேருடன் தொடங்கிய அடுத்த சுற்று ஒரு காரணத்தைக் காட்டியது: தன் வேலையை எப்படி, எப்போது செய்வது என்பதில் தனக்குச் சொல் இல்லாதவர்களுக்கு இதயநோய் அதிகம்.

இடமாற்றம், மேலதிகாரி, தேர்தல் பணி, கணக்கெடுப்புப் பணி என்று நம்மூர் ஊழியருக்கும் அந்தச் சொல் அதிகமில்லை. அலுவலகத்துக்கு வெளியேயும் கட்டு உண்டு. 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகளின்படி அனுமதியின்றி தொழிலோ வியாபாரமோ செய்யக்கூடாது. வேறு மாவட்டத்தில் இது பெரிய இழப்பாகத் தோன்றாமல் இருக்கலாம். நாலு மிஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுத்து முதலாளி ஆனவர்கள் தெருவுக்கு இரண்டு பேர் இருக்கும் இந்த வட்டாரத்தில், அரசு வேலைக்குப் போவது என்றால் அந்தக் கனவை மடித்துவைப்பது.

நிரந்தரம் என்பதும் முழு நிரந்தரம் இல்லை. 2003 ஜூலை வேலைநிறுத்தத்தின்போது ஏறத்தாழ 1.7 லட்சம் பேரை அன்றைய அரசு ஒரே வீச்சில் நீக்கியது. வேலைநிறுத்தம் அடிப்படை உரிமையல்ல என்றது உச்ச நீதிமன்றம். பெரும்பாலோர் மன்னிப்புக் கடிதம் எழுதிக்கொடுத்துத் திரும்பினார்கள். அதே ஆண்டு ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியமும் நின்றுபோனது.

ஆனால் ஆகப் பெரிய விலையைக் கட்டுகிறவர்கள் வேலை கிடைக்காதவர்கள். 2022 குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் சுமார் 22 லட்சம். இந்தக் கூட்டத்தின் கணக்கைப் பொருளியலாளர் குணால் மங்கள் ஆராய்ந்தார். 2001 முதல் 2006 வரை தமிழ்நாட்டில் பெரும்பாலான பணிகளுக்கு ஆள் எடுப்பது நிறுத்தப்பட்டிருந்தது. கதவு சாத்தினால் கூட்டம் கலையும் என்றுதான் நினைப்போம். நடந்தது நேர்மாறு: பட்டதாரி இளைஞர்கள் இன்னும் அதிக காலம் தேர்வுக்குப் படித்தார்கள். தடை நீங்கிப் பத்தாண்டு கழித்துப் பார்த்தாலும், அந்த வயதுக்காரர்களின் வருமானம் குறைவாகவே இருந்தது. பொது அறிவு வினாவிடையில் போட்ட ஆண்டுகள் வேறு எந்த வேலைக்கும் தகுதியாகச் சேரவில்லை. பனியன் கம்பெனியில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: 18 வயதில் கைமடியாக, அதாவது டைலருக்கு உதவியாளாகச் சேர்ந்தவர் 25இல் டைலர், படித்துப் படித்து 25இல் வந்து சேருகிறவர் அதே கைமடி.

மக்கள் ஏன் நிறுத்தவில்லை? தான் எவ்வளவு மதிப்பெண் வாங்குவோம் என்பதைத் தேர்வு எழுதுகிறவர்களால் சரியாகக் கணிக்க முடியாததும் ஒரு காரணம் என்கிறார் மங்கள். அடுத்த தடவை கிடைத்துவிடும் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. பல பிரிவினருக்கு வயது வரம்பும் தாராளம் என்பதால் வெளியேறச் சொல்ல எதுவுமில்லை. ஊருக்கு ஊர் இலவசப் பயிற்சி மையம் திறப்பதைவிட, நடுநடுவே ஒழுங்கான மாதிரித் தேர்வு வைத்து, மாநிலம் முழுக்க உன் இடம் எத்தனையாவது என்று ஒவ்வொருவருக்கும் உடனே சொல்லிவிட்டால் செலவு குறைவு. இரண்டாவது தடவையிலேயே பலர் மிஷினுக்கோ கடைக்கோ திரும்பிவிடுவார்கள் என்பது என் கணிப்பு.